நாலாயிரத்தில் திறக்கிற கதவு

வெற்றிச்செல்வனுக்கும் செல்வாம்பாளுக்கும் கல்யாணமான அன்றே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. தாலி கிடையாது, ஐயர் கிடையாது, ஓமப்புகை கிடையாது. மேடையில் மாலை மாற்றிக்கொண்டார்கள், யாரோ ஒரு தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார், அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணான செல்வாம்பாள் அந்த முக்கால் மணி நேரமும் மனசுக்குள் மாரியாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். சாயங்காலம், சாமியே இல்லை என்கிற அந்தக் கறுப்புச் சட்டை மாப்பிள்ளை பளிச்சென்று சொல்லிவிட்டார். அடுப்படி அலமாரியில் எந்தச் சாமியை வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் என் நெற்றியிலும் வாசற்படியிலும் நான் ஏறுகிற வண்டியிலும் பொட்டு இருக்கக் கூடாது. அவளும் சரியென்று தலையாட்டினாள். சைக்கிள் இருந்தவரைக்கும் அந்தப் பேச்சைக் காப்பாற்றினாள், மொபெட் வந்தபோதும் காப்பாற்றினாள். கார் வந்தபோதுதான் அவளால் முடியவில்லை.

எப்படி முடியும், சொல்லுங்கள்? மில்லில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். ஐம்பது வயசில் வீட்டில் சும்மா உட்கார முடியாது என்று மனுஷன் ஒரு டாக்டர் வீட்டு வெள்ளைக் காரை வாங்கி டாக்சி ஓட்டத் தொடங்கினார். டீசல் வண்டி பார்த்து வாங்கக் கூடாதா என்று முதலியார்பேட்டையே கேட்டது. பெட்ரோல் இன்ஜின் ஓடினால் சத்தமே வராது, அதுதான் எனக்கு வேணும் என்றார். மில் சத்தத்தில் முப்பது வருஷம் நின்ற காது அது. சவாரியெல்லாம் பெரும்பாலும் சென்னை விமான நிலையத்துக்குத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அம்மா பாரிசுக்குப் போவாள், மகன் பாரிசிலிருந்து வருவான், வருஷம் முழுக்க ஓட்டம். ஆனால் போகிற பாதை கிழக்குக் கடற்கரைச் சாலை ஆயிற்றே. காலையில் பேப்பரைப் பிரித்தால் அந்தச் சாலையில் எவனாவது எதிலாவது மோதியிருப்பான்.

அதனால் வண்டி வந்த முதல் வெள்ளிக்கிழமையே செல்வாம்பாள் ஒப்பந்தத்தை மீறினாள். வெற்றிச்செல்வன் டீக்கடைக்குப் போய் பேப்பர் படித்துவிட்டு வர அரை மணி நேரமாகும். ஆணியில் சாவி தொங்கியது. கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கொக்கியை இழுத்து, பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். வெளியே எங்கே வைத்தாலும் கண்ணில் படும். இன்ஜினுக்குப் பின்னால், எட்டிப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு மூலையில், தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருள் இருந்தது. அதன் முனையில் சின்னதாக ஒரு வாய் இருந்தது. பார்த்தால் ஒரு முகம் போல இருந்தது அவளுக்கு. முகம் என்றால் பொட்டு வைக்கத்தானே வேண்டும்? சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்து, "தாயே, போனவரு போன மாதிரியே திரும்பி வரணும்" என்று சொல்லி, பானெட்டை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்து இட்லிக்குச் சட்னி அரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவள் உயிர் அவளிடம் இல்லை. வெற்றிச்செல்வனுக்கு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பழைய பனியன் துணியால் இன்ஜினைத் துடைக்கிற வழக்கம். துடைக்கிறார் என்று லேசாகச் சொல்லிவிட்டேன், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒவ்வொரு இடுக்காக விரல் விட்டுத் துடைப்பார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் துடைத்து முடித்துத் துணியை உதறிக் காயப்போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா, கண்ணில் படவில்லை! அப்புறம் அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வாரம் தவறாமல் பெரிய மார்க்கெட்டில் சந்தன வில்லை வாங்கிவந்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டை வைத்தாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

இந்த வருஷம் ஆனி மாசத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது. ஆயம்மா என்கிற சொல்தா வீட்டு அம்மாளை ஏற்றிக்கொண்டு வெற்றிச்செல்வன் சென்னைக்குப் போனார். மரக்காணம் தாண்டி, முன்னால் ஒரு உப்பு லாரி நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே வெகு தூரம் வரைக்கும் காலியாக இருந்தது. கியரைக் குறைத்து, ஏறி மிதித்து, லாரிக்குப் பக்கவாட்டில் வந்தார். அங்கேதான் வண்டி நின்றுவிட்ட மாதிரி ஆயிற்று. மிதிக்கிறார், மிதிக்கிறார், சத்தம்தான் வருகிறது, வேகம் ஏறவில்லை. அதற்குள் எதிரே வளைவில் ஒரு பஸ் முளைத்துவிட்டது. "மோந்தியே!" என்று ஆயம்மா பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு அலறியது லாரிக்காரனுக்கே கேட்டிருக்கும். புண்ணியவான், அவன் சடாரென்று மண்ணில் இறக்கி வழி விட்டான். பஸ் ஒரு முழ இடைவெளியில் உரசிக்கொண்டு போனது.

ஆயம்மா பத்திரமாகப் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தாள். வெற்றிச்செல்வன்தான் பத்திரமாக வரவில்லை. ஆள் வந்தார், ஆனால் அந்த ஆள் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கியது. ஊருக்குள் ஓட்டினால் வண்டி வெண்ணெய் மாதிரி போகும். வெளியே போய் வேகமெடுத்தால் மூச்சடைத்து நிற்கும். டவுனில் கண்ணாடி வைத்த பெரிய சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "எந்தக் கோளாறும் காட்டல சார், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான் என்று மனுஷன் முடிவு கட்டிவிட்டார்.

"வயசாயிடுச்சி செல்வா. கணக்குத் தப்பிப் போவுது. கடலூர்லருந்து புரோக்கர் கொளஞ்சி வியாழக்கெழம சாயங்காலம் வர்றான், வண்டியக் குடுத்துடலாம். சேதராப்பட்டு கம்பெனியில வாட்ச்மேன் வேல சொல்லியிருக்காங்க" என்றார்.

செல்வாம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் மில்லில் இருந்தபோது சிரித்ததை அவள் பார்த்ததில்லை. கார் வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்ததும் கதை சொல்லத் தொடங்கினார். எந்தச் சவாரி என்ன பேசினார்கள், விமான நிலையத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், எல்லாம் சொல்வார். இனி எவன் வீட்டு கேட்டிலோ நாற்காலி போட்டு உட்காரப் போகிறார். அதுவும் போகட்டும். எல்லாம் தன்னால்தான் என்று அவள் நினைத்தாள். மரக்காணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பாகூரில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போய்விட்டதில் பொட்டு வைக்கவில்லை. ஆத்தா கோபித்துக்கொண்டாள், வேறென்ன? அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனத்தை இரண்டு மடங்கு குழைத்து, கட்டைவிரலால் அந்த வாய்க்குள் நன்றாக அழுத்தி வைத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே செய்தாள். வண்டி இன்னும் மோசமானது.

வியாழக்கிழமை காலையில் ஒற்றைக் காலில் நின்றாள். "விக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ அன்வர் தம்பிகிட்ட காட்டுங்க. அவரு ஒண்ணும் இல்லன்னு சொல்லட்டும், நானே சாவிய எடுத்துக் கொளஞ்சி கையில குடுக்குறேன்."

"கம்ப்யூட்டருக்கே தெரியல."

"கம்ப்யூட்டரு வண்டிய மோந்து பாக்குமா? அன்வர் தம்பி மோந்து பாக்கும்."

அதில் பொய்யில்லை. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஷெட் வைத்திருக்கிற அன்வருதீன் எந்த வண்டி வந்தாலும் முதலில் பானெட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். வயசு நாற்பதுதான். மொபெட் காலத்திலிருந்து பழக்கம். முதலியார்பேட்டையிலிருந்து தவளக்குப்பம் வரை வெற்றிச்செல்வன் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். மீன் கூடை கட்டிய டிவிஎஸ் வண்டிக்காரன் ஒருவன் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். செல்வாம்பாள் அவனைப் பார்த்த பார்வையில் கூடையிலிருந்த மீன் வெந்திருக்கும்.

அன்வருதீன் முழுக் கதையையும் கேட்டார். "நம்மூருக்குள்ள நல்லா இழுக்குது, வேகத்துலதான் அடைக்குது, அதானண்ணே?" என்று கேட்டுவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டர் வயரைக் கையால் இழுத்து உறும வைத்தார். ஒரு கண் எதன் மேலேயோ நின்றது.

"அக்கா, இங்க வாங்க. இந்தக் கிண்ணி மாதிரி இருக்குது பாருங்க, அதுலருந்து ஒரு கம்பி போவுது. நான் உறும விடுறேன், அந்தக் கம்பி நவுருதான்னு சொல்லுங்க."

உறும விட்டார். "நவுரலியே" என்றாள்.

"நவுரணும். நவுரலன்னா அதான் வியாதி." அன்வருதீன் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்ஜினு மூச்சு வுடுதுக்கா, நம்மள மாதிரிதான். மெதுவாப் போறப்ப காத்து நீளமான குழாய்ல சுத்தி வந்தாத்தான் இழுவ கெடைக்கும். ஆனா வேகம் எடுக்கிறப்ப அது பத்தாது, நெறைய காத்து வேணும், சட்டுனு வேணும். அதுக்குன்னு குறுக்கு வழி ஒண்ணு வெச்சிருக்கான். நடுவுல ஒரு தகட்டுக் கதவு. நாலாயிரம் சுத்து தாண்டுனா கதவு தானாத் தொறக்கணும்."

"கல்யாண மண்டபத்துல பந்தி நேரத்துக்குப் பக்கத்துக் கதவையும் தொறந்து வுடுற மாதிரியா?"

"அதேதான்! இந்த வண்டியில பந்தி நேரத்துலயும் கதவு பூட்டியே கெடக்குது. கூட்டம் வாசல்ல நெரியுது. அண்ணன் என்னா மிதிச்சாலும் இன்ஜினுக்குச் சோறு போவல."

சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து, மடித்த பேப்பரைப் பிரிக்காமலே வைத்திருந்த வெற்றிச்செல்வன் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என் கணக்கு தப்பு இல்லியா?" என்றார்.

"உங்க கணக்கு சரிண்ணே, வண்டிதான் ஏமாத்திடுச்சி." அன்வருதீன் கிண்ணியிலிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கினார். புஸ் என்று காற்று உள்ளே போனது, கம்பி டக்கென்று துள்ளி நகர்ந்தது. "ஆங்! கிண்ணிக்குள்ள சவ்வு நல்லாருக்குது, கதவும் நல்லாருக்குது. இன்ஜினு காத்த உறிஞ்சி அந்தச் சவ்வ இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கும், கதவு மூடியிருக்கும். நாலாயிரத்துல வெளிக்காத்து உள்ள போனா புடி வுட்டுடும், கதவு தொறந்துக்கும். அந்த வெளிக்காத்த உள்ள வுடுறதுக்குத் தனியா ஒரு வால்வு இருக்குது. அதும் வாய எதோ அடைச்சிக்கினு கெடக்குது. அதான் கம்ப்யூட்டருக்கும் தெரியல. அதுக்குக் கரண்டு ஒழுங்காப் போவுதா, அவ்ளோதான் தெரியும்."

"எங்க இருக்குது அந்த வால்வு?" என்று கேட்டாள் செல்வாம்பாள்.

அன்வருதீன் இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பொருளை வெளியே எடுத்தார்.

செல்வாம்பாளுக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது. அந்தச் சின்ன வாய் இருந்த இடத்தில், சூட்டிலும் தூசியிலும் கறுத்துக் கெட்டித்துப் போய், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது.

"குளவி மண்ணு வெச்சிக் கூடு கட்டியிருக்குது போல. ஊக்கு எதுனா இருக்குதாக்கா?"

வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் சுரண்டினார். மேல் ஓடு உடைந்து உள்ளே இருந்து மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. மனுஷனுக்குப் பழக்கம் விடுமா, மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார். அப்படியே நின்றார். மெதுவாகக் கண்ணைத் திறந்து செல்வாம்பாளைப் பார்த்தார். அப்புறம் பெஞ்சில் இருந்த கறுப்புச் சட்டைக்காரரைப் பார்த்தார். இருபது வருஷப் பழக்கம், இந்த வீட்டு ஒப்பந்தம் அவருக்குத் தெரியாதா என்ன? சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, உரத்த குரலில் சொன்னார்.

"குளவிதாண்ணே! சந்தேகமே இல்ல. பாவி, நல்ல எடமாப் பாத்துக் கட்டியிருக்குது!"

தங்கமான பிள்ளை. அவளைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டது. ஆமாம் தம்பி, எங்கள் தெருவில் குளவி அதிகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்ந்தது விஷயம். வண்டி சரியாகிவிடும், ஒப்பந்தமும் மானமும் பிழைத்துவிடும். செல்வாம்பாள் வாயைத் திறந்தாள். திறந்ததும் மரக்காணத்து பஸ்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு முழம். ஒரு முழ இடைவெளியில் இந்த மனுஷன் பிழைத்து வந்திருக்கிறார்; வந்து, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, எவன் வீட்டு கேட்டிலோ உட்காரக் கிளம்பிவிட்டார்.

"குளவியும் இல்ல, மண்ணும் இல்ல" என்று கத்தினாள். "நான்தான்! நான்தான் வெச்சேன். ரெண்டு வருஷமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம திருட்டுத்தனமா சந்தனம் வெச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் வெச்சேன். அதுவே உங்கள அந்த பஸ்ஸுக்கு முன்னால கொண்டுபோயி நிறுத்திடுச்சே! நான் என்னா பொம்பள!"

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்வருதீன் என்ன செய்வதென்று தெரியாமல் ஊக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெற்றிச்செல்வன் எழுந்து வந்தார். அந்தக் கறுப்புப் பொருளை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"நீ வெக்கிறது. மொத வாரத்துலருந்தே தெரியும்."

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கெழம இன்ஜின் பூரா கைய வுட்டுத் தொடைக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? சுத்தி சுத்தித் தொடைப்பேன். அது மேல மட்டும் துணி படாமப் பாத்துக்குவேன். ஒரே ஒரு வாரம் சொரண்டிப் போட்டிருந்தா இந்த வாயி அடைச்சே இருக்காது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதனால குளவி நீ மட்டும் இல்ல செல்வா. நானும்தான்."

"தெரிஞ்சிக்கினு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாங்க?" செல்வாம்பாளுக்கு வந்ததே கோபம்! "ரெண்டு வருஷம்! ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் டீக்கடையிலருந்து வந்துடுவீங்களோ, வந்துடுவீங்களோன்னு செத்து செத்துப் பொழச்சேன்!"

"அதுக்குத்தான ரெண்டாவது டீ குடிச்சேன்? எனக்கோ சக்கர வியாதி. டாக்டர் கூட அவ்ளோ திட்டுனாரு. நீ பானெட்ட மூடுற சத்தம் கேக்கட்டும்னு தெருமொனையில நின்னுட்டு வருவேன்."

"யா அல்லா!" என்றார் அன்வருதீன். "நீங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்துற அழகு இருக்குதே! என் ஷெட்டுல இதுக்கெல்லாம் ஸ்பானரு கெடையாதுண்ணே." சொல்லிவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் பெட்ரோல் நெடி என்பார்.

வாயைச் சுத்தமாகக் குடைந்து, காற்றடித்து, மாட்டி, இன்ஜினை உறும வைத்தார். நாலாயிரத்தில் கம்பி டக்கென்று துள்ளியது. கூடவே இன்ஜின் குரலும் மாறியது. இத்தனை நாள் தொண்டையில் இருந்தது இப்போது நெஞ்சிலிருந்து வந்தது. "போயி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே."

வெற்றிச்செல்வன் சாவியை அன்வருதீனிடமே நீட்டினார். "நீ ஓட்டிப் பாருய்யா. நல்லாருக்குன்னா கொளஞ்சிகிட்ட வெலயக் கொஞ்சம் கூடவே சொல்லலாம்." வண்டி சரியாகிவிட்டது, மனுஷன் சரியாகவில்லை.

செல்வாம்பாள் முன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். "அன்வர் தம்பி ஓட்ட வேணாம். நீங்க ஓட்டுற வரைக்கும் நான் ஏறங்க மாட்டேன். நீங்க வந்து குந்துங்க" என்றாள். கறுப்புச் சட்டைக்காரர் அன்வருதீனைப் பார்த்தார். அன்வருதீன் வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தார்.

கடலூர் ரோட்டில் தெற்கே கிளம்பினார்கள். கிருமாம்பாக்கம் வந்தது. அங்கே முன்னால் ஒரு ஜல்லி லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. வெற்றிச்செல்வன் லாரிக்குப் பின்னாலேயே போனார். ஒரு கிலோமீட்டர் அப்படியே போனார்.

"போலாமா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியோட்டும்போது அவளைக் கேட்டு ஒன்றும் செய்ததில்லை.

செல்வாம்பாள் எட்டித் தூரம் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். "போங்க" என்றாள்.

கியரைக் குறைத்து மிதித்தார். முள் மூவாயிரத்தைத் தொட்டது, மூவாயிரத்து ஐந்நூறைத் தொட்டது. லாரியின் சக்கரம் அவள் காதுக்குப் பக்கத்தில் உருண்டது. அவள் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலாயிரம்! வண்டி முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போலப் பாய்ந்தது. "ஆத்தாடி!" என்று கத்தினாள். லாரி பின்னால் போனது, அதற்கு முன்னால் போன டிராக்டரும் பின்னால் போனது.

அரை மைல் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வெற்றிச்செல்வன் வண்டியை ஓரங்கட்டினார். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. கொளஞ்சிதான், நாலு மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்க அடித்திருக்கிறான். செல்வாம்பாள் போனைப் பிடுங்கி, "வண்டி விக்கிறதுக்கு இல்லப்பா. வேற எடம் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நடுங்குது பாரு" என்றார். "அன்னிக்கி மரக்காணத்துல பஸ்ஸு எதுர்ல வந்தப்ப, சாவப் போறோம்னு எனக்குப் பயமே வரல செல்வா. சத்தியமா வரல. இன்னிக்கி நான் செத்தா அவ வெச்ச பொட்டு பொய்யாப் போயிடுமே, இனிமே அந்த அடுப்படி அலமாரிக்கு முன்னால போயி அவ எப்படி நிப்பான்னுதான் தோணிச்சி. அத நெனச்சாத்தான் நடுங்குது."

செல்வாம்பாள் அவருடைய கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் முந்திவந்த அந்த ஜல்லி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. அந்தக் கை நடுக்கம் நிற்கிற வரைக்கும் அவள் விடவில்லை.